அரைப்பேர்: அகதி இளைஞரும் பங்கேற்பு ஆய்வும்

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆளின் பெயர். மற்றது ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக்குப் போய், அன்றைக்குக் குறித்த நிறையளவு கொழுந்தையோ இறப்பர்ப் பாலையோ நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளம்தான். "இன்னைக்கி அரைப்பேரு போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு மலையிறங்கி வருகிறவர்களை, யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் வளர்ந்த நான் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறேன்.

அகதிகள் பற்றியும் இடம்பெயர்ந்தோர் பற்றியும் இப்போது வருகின்ற ஆய்வறிக்கைகளில் "இளைஞர்களின் பங்கேற்புடன்" என்ற தொடரை வாசிக்கும்போதெல்லாம் இந்த அரைப்பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த இளைஞர்கள் தகவல் திரட்டினார்கள், படம் வரைந்தார்கள், பாட்டன் பாட்டியைப் பேசவைத்தார்கள். செய்தது முழுநாள் வேலை. அறிக்கையில் விழுந்தது அரைப்பேர். பங்கேற்பு ஆய்வு அகதி இளைஞரை வலுவூட்டக் கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. அது எந்த இடத்தில் வலுவூட்டுகிறது, எந்த இடத்தில் அவர்களுடைய நாளை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெளியில் நின்று குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அப்படியான ஓர் ஆய்வில் நானும் வளவாளராக இருந்தேன்.

சப்ரகமுவவின் அகதிகள்

அகதி என்றால் நமக்கு நினைவில் வருவது புத்தளம், வவுனியா, கடலுக்கு அப்பால் மண்டபம். அந்த இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் புறப்பட்ட இடம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் என்பது பலருக்குத் தெரியாது. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கலவரம் என்று வந்தால் ஓடி ஒதுங்குவதற்குக் கிட்டத்தில் இன்னொரு தோட்டம் இராது. 1977 ஓகஸ்ட் வன்செயல் மலையகத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகள் தாக்கப்பட்டன. பிறகு 1983 ஜூலை.

ஓடியவர்களில் பலர் வவுனியாவுக்குப் போனார்கள். டாக்டர் எஸ். இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களில் பலரை வன்னி எல்லைப்புறக் காணிகளில் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அதே ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ட் பாம் ஆகிய பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984 இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டன. அந்தக் காணிகள் சிறைக்கைதிகளின் குடியேற்றமாயின. இப்படி இரண்டாம், மூன்றாம் முறை ஓடியவர்களில் ஒரு பகுதியினர் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்த பிறகு அங்கிருந்து திரும்பிய சில குடும்பங்கள், வன்னியில் காணியில்லாத காரணத்தால், பாட்டன் பாட்டி விட்டுப்போன சப்ரகமுவ லயத்துக்கே சொந்தக்காரரைத் தேடி வந்து சேர்ந்தன.

என் வாப்பா தோட்டத்துக்குப் போகும் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு மாதக் கடன். சம்பள நாளில் தீர்ப்பார்கள். அந்தக் கடன் கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். 1983 க்குப் பிறகு சில பக்கங்கள் அப்படியே நின்றுவிட்டன. வாப்பா அந்தப் பேர்களை வெட்டவில்லை. "போனவங்க வருவாங்க மகன், வராட்டியும் அந்தக் கணக்கு அவங்கடதானே" என்பார். இன்று யோசித்தால், எங்கள் பகுதியிலிருந்து போனவர்கள் பற்றி நான் கண்ட ஆவணங்களில் ஆட்களின் சொந்தப் பேரோடு இருப்பது அந்தக் கொப்பி ஒன்றுதான். 1977 வன்செயலை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் வந்தது. அந்தக் காலத்து ஆணைக்குழு முறையில் ஓடிப்போன பிள்ளைகளின் பார்வைக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை.

பங்கேற்பு ஆய்வு என்ன சொல்கிறது?

அதே 1977 இல், ஏப்ரல் மாதம், கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் ஒரு மாநாடு கூடியது. மக்களைப் பற்றி மக்களில்லாமல் செய்யும் ஆய்வை மாற்றுவது எப்படி என்பது அங்கே பேசப்பட்டது. முன்னின்றவர் கொலம்பியச் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபல்ஸ் போர்தா. இத்துறையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களில் முக்கியமானவர் வங்காளதேசத்துப் பொருளியலாளர் முஹம்மத் அனிஸுர் ரஹ்மான். இருவரும் சேர்ந்து தொகுத்த நூல் 1991 இல் வெளிவந்தது. ரஹ்மானுடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நிலமும் முதலும் சிலர் கையில் இருப்பது எப்படி ஓர் ஏற்றத்தாழ்வோ, அறிவை உண்டாக்கும் கருவிகள் சிலர் கையில் இருப்பதும் அப்படியே. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவைத்தால் பழைய அதிகாரம் வேறு உருவில் திரும்பி வரும்.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. 1980 இல் இங்கே தொடங்கிய பங்கேற்பு அபிவிருத்தி நிறுவனமும் அதில் உழைத்த எஸ். திலகரத்னவும் கிராமங்களில் செய்த வேலை வெளிநாட்டிலும் படிக்கப்பட்டது. கிராமத்தவர் தாங்களே தங்கள் கடனையும் விலையையும் விசாரித்து, தரகரிடம் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடித்து, அதன்படி கூட்டாக இயங்குவது. ஆய்வும் செயலும் ஒன்றாக நடப்பது. அகதி முகாம்களுக்கு இந்த முறை பிறகுதான் வந்து சேர்ந்தது. வந்து சேரும்போது செயல் என்ற பகுதி பல இடங்களில் கழன்றுவிட்டது. மிஞ்சியது வெள்ளைத் தாள், வர்ணப் பேனை, குழுக் கலந்துரையாடல்.

இளைஞர் விடயத்தில் 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் ஒரு திருப்பம். இலங்கை அதை 1991 இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது அதன் 12 ஆம் உறுப்புரை. 1992 இல் ரொஜர் ஹார்ட் யுனிசெப்புக்காக எழுதிய சிறு நூலில் இந்த உரிமையை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பு என்றே கணக்கெடுக்கவில்லை: பிள்ளைகளைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. தோட்டத்து மொழியில் இவை அரைப்பேருக்கும் கீழே. மேற்படிகளில்தான் பிள்ளைகள் தாமே தொடங்குவதும், பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதும் வருகின்றன.

எனக்கு இந்த ஏணியில் ஒரு குறை தெரிகிறது. அது வேலை நடக்கும் நேரத்தை மட்டும் அளக்கிறது. வேலை தொடங்குமுன் கேள்வியைத் தீர்மானித்தது யார் என்பதும், முடிந்த பிறகு தாள் யார் வீட்டுக்குப் போனது என்பதும் அதில் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. அகதி இளைஞர் விடயத்தில் நட்டம் வருவது அந்த இரண்டு முனைகளிலும்தான்.

நாங்கள் செய்தது

2013 அளவில், கேகாலை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், பேர் சொல்ல விரும்பாத ஓர் அமைப்புக்காக மூன்று நாள் செயலமர்வு நடத்தினேன். 16 முதல் 21 வயது வரையான பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். நாலு பேர் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து அண்மையில் வந்தவர்கள். பாட்டன் இறக்குவானைப் பக்கத்திலிருந்து 1981 இல் ஓடியவர், அப்பா வன்னியில் வளர்ந்தவர், பிள்ளை முகாமில் பிறந்தது என்பது மாதிரியான குடும்பங்கள். பேச்சில் இந்தியத் தமிழ் ஒட்டியிருந்ததால் அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் "இந்தியாக்காரி", "இந்தியாக்காரன்" என்று கூப்பிட்டார்களாம். அங்கே இருந்தபோது "சிலோன் அகதி" என்றார்களாம்.

எங்களுக்குக் கொழும்பிலிருந்து வந்த கேள்வி: உங்கள் வாழிடத்தின் பலங்கள் எவை, ஆபத்துகள் எவை? வரைபடமாக வரையச் சொன்னோம். தோட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும் நாங்கள் எதிர்பார்த்தபடி வரைந்தார்கள். மண் சரியும் சரிவு, கோயில், பள்ளிக்கூடம், ஆறு, வெளிச்சமில்லாத பாதை. வந்த நாலு பேரும் வேறொன்றை வரைந்தார்கள். லயத்திலிருந்து ஒரு கோடு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்கு, அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு, பிறகு கொழும்புக்கு. கொழும்பிலிருந்து திரும்பவும் கிராம உத்தியோகத்தருக்கு. அதே பாதை நாலு தரம், நாலு வர்ணத்தில். ஒவ்வொரு துண்டுக் கோட்டிலும் பஸ் காசு எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு நிரல்: அன்றைக்கு அம்மாவுக்கு எத்தனை பேர் போனது. அதாவது அலைந்த நாட்களில் எத்தனை நாள் சம்பளம் இல்லாமல் போனது.

"இது ஆபத்தா, பலமா?" என்று கேட்டேன். வினாக்கொத்தில் அந்த இரண்டு கூடுதான் இருந்தது. அந்தக் குழுவில் மூத்த பெண்பிள்ளை சொன்னாள்: "ரெண்டும் இல்ல சேர். இது நாங்க யாருன்னு காட்டுறதுக்கு ஆகுற செலவு."

அந்தப் பதிலின் கனம் எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு சட்டத்தைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, நாட்டுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிந்தால்தான் அது வழிவழிப் பிரசை. பிந்தினால் அமைச்சர் அனுமதிக்க வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பதிவு சென்னையில் உள்ள இலங்கையின் பிரதி உயர் ஸ்தானிகராலயம் வழியாக நடக்க வேண்டும். அதற்குப் பெற்றோர் பிரசையாக இருக்க வேண்டும். அங்கேதான் மலையகக் கதை வந்து நிற்கிறது. 1948, 1949 சட்டங்கள் இவர்களுடைய முன்னோரை நாடற்றவராக்கின. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் பிரசாவுரிமை கொடுத்தது. அகதியாக இந்தியாவில் இருந்தவருக்கோ "நிரந்தரமாக வசித்தவர்" என்பதே தடையாயிற்று. 2009 இல் திருத்தம் கொண்டுவந்துதான் அந்தத் தடை தளர்ந்தது.

சட்டம் தளர்ந்த பிறகும் ஒரு குடும்பத்துக்கு எத்தனை பயணம், எத்தனை பஸ், எத்தனை பேர் நட்டம் என்பதை யாரும் எண்ணியதாக நான் அதுவரை கண்டதில்லை. அந்த நாலு பிள்ளைகளும் எண்ணியிருந்தார்கள். சரியான பொருளில் அதுதான் ஆய்வு. கேள்வி அவர்களுடையது, அளவுகோல் அவர்களுடையது, தரவு அவர்களுடையது. நாங்கள்தான் அதற்குக் கூடு வைத்திருக்கவில்லை.

அறிக்கை ஒரு வருடம் கழித்து ஆங்கிலத்தில் வந்தது. நல்ல தாள். வரைபடம் ஒன்று அட்டைக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. பஸ் காசு நிரலும் பேர் நிரலும் ஓரத்தில் இருந்தபடியால் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. கீழே "இளைஞர்கள் வரைந்தது" என்ற குறிப்பு. உள்ளே அவர்களுடைய "மீண்டெழும் திறன்" பாராட்டப்பட்டிருந்தது. அலைச்சலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திறனைப் பாராட்டியவர்கள், எதிலிருந்து மீண்டெழ வேண்டியிருந்தது என்பதை விட்டுவிட்டார்கள். வசனங்கள் எல்லாம் "கண்டறியப்பட்டது", "அடையாளங் காணப்பட்டது" என்ற பாணி. யார் கண்டறிந்தார்கள்?

பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெண்பிள்ளை வாங்கிப் புரட்டிவிட்டு, "எங்க படத்தத் திருப்பித் தருவீங்களா சேர்?" என்று மட்டும் கேட்டாள். அமைப்பில் விசாரித்தேன். மூலப்பிரதி இல்லை என்றார்கள். அறிக்கையிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே பேனையை எடுத்து, வெட்டுப்பட்ட நிரல்களை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினாள். இடையில் கொழும்புப் பயணம் இன்னும் இரண்டு நடந்திருந்தது. அதையும் சேர்த்தாள்.

நமது பக்கத்தையும் பார்ப்போம்

இதைத் தொண்டு நிறுவனங்களின் குறையென்று சொல்லி முடித்துவிட முடியாது. இவ்விதழின் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு அகதி வரலாறு உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினார்கள். இரண்டு சமூகத்தின் நாட்காட்டியிலும் அதே ஒக்டோபர் 30 நிற்பது தற்செயல்தான். ஆனாலும் சப்ரகமுவத் தோட்டத்து அகதியையும் புத்தளத்து அகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது என்னைத் தூண்டியது.

வடபுல முஸ்லிம்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. அவர்களுக்குள்ளிருந்தே ஆய்வாளர் வந்தார். மன்னாரைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர். 2001 இல் வந்த அவருடைய முஸ்லிம் அகதிகள் பற்றிய நூலை வெளியிட்டது கொழும்புப் பதிப்பகம் அன்று. அகதிகள் குடியிருந்த நுரைச்சோலையிலேயே இயங்கிய ஓர் ஆய்வு அமைப்பு அது. கேள்வி பாதிக்கப்பட்டவரின் வீட்டிலிருந்து எழுந்தால் ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு அவர் 2018 இல் காலமாகும்வரை செய்த வேலை சான்று. எவ்வளவு காணி, எத்தனை வீடு, யாருடையது என்று அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பாவின் கொப்பியைப் போல அவரும் பேர்களை வெட்டவில்லை.

சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் முன்னெடுத்த பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 நவம்பரில் வந்தது. கலாநிதி பர்ஸானா ஹனீபா அதன் ஆய்வை வழிநடத்தினார். அரசு செய்யாத ஒன்றைச் சிவில் சமூகம் செய்தது என்ற வகையில் அதன் இடம் பெரிது. அதே வருடம் வந்த சாரிகா திராணகமவின் நூல் புத்தளத்து முகாம்களில் தலைமுறைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கவனித்தது. மூத்தோருக்கு ஊர் என்றால் விட்டுவந்த ஊர். புத்தளத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல் அவ்வளவு நேராக இல்லை. உம்மா வாப்பாவின் ஊர் ஒன்று, தான் விளையாடி வளர்ந்த ஊர் ஒன்று.

நமது விமர்சனம் இங்கேதான் தொடங்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக நமது கூட்டங்களிலும் மகஜர்களிலும் முதலாவது கேள்வி மீள்குடியேற்றம். அது நியாயமான கேள்வி. ஆனால் அது மூத்தோரின் கேள்வி. முகாமில் பிறந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்துப் பதிலெழுதச் சொன்னோமே தவிர, உங்கள் கேள்வி என்ன என்று கேட்ட கூட்டங்கள் என் நினைவில் மிகக் குறைவு. அந்தத் தலைமுறைப் பெண்பிள்ளைகளின் கேள்வி வேறாக இருந்திருக்கலாம். தோட்டத்தில் நான் வைத்த இரண்டு கூடுகளைப் போலவே நாமும் "போவதா, இருப்பதா" என்ற இரண்டு கூடுகளைத்தான் அவர்களுக்கு வைத்தோம்.

மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இஸ்னாத் என்றால் தெரியும். ஒரு செய்தியை ஏற்குமுன், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று பார்ப்பார்கள். அறிவிப்பாளர் வரிசையில்லாத செய்திக்கு மதிப்புக் குறைவு. அறிவிப்பாளரின் வயது அங்கே தடையாக இருக்கவில்லை. நபியவர்களின் மறைவின்போது இப்னு அப்பாஸ் பதின்ம வயதினர். நமது அகதி ஆய்வுகளை இந்த அளவுகோலில் வைத்தால் செய்தி இருக்கிறது, அறிவிப்பாளர் இல்லை. "17 வயதுப் பெண், முகாம்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தச் செய்தியை எழுதியவருக்கு மட்டும் முழுப்பேர்.

எதிர்வாதங்கள்

பேரைப் போட்டால் ஆபத்து என்பார்கள். உண்மை. யுத்தம் முடிந்த கையோடு வன்னியில் கொப்பியும் பேனையுமாகத் திரிந்த இளைஞரை விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். தோட்டத்திலும் துரையைப் பற்றிச் சொன்னது யார் என்று தெரிந்தால் வேலைக்குப் பங்கம். பேரை மறைப்பது சில வேளை கடமை. ஆனால் மறைப்பதா, போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அறிவிப்பாளரே. எங்கள் பன்னிரண்டு பேரிடமும் நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிலர் வேண்டாம் என்றிருப்பார்கள். அந்தப் பெண்பிள்ளை போடச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இளைஞருக்கு ஆய்வு முறை தெரியாது என்பது இரண்டாவது வாதம். 2004 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அகதிகள் கற்கை நிலையத்திலிருந்து மிராண்டா ஆம்ஸ்ட்ரோங், ஜோ பொய்டன், ஆனந்த கலப்பத்தி, ஜேசன் ஹார்ட் ஆகியோர் கிழக்கிலங்கையில் செய்த ஒரு பரீட்சார்த்த வேலை இதற்குப் பதில். உளசமூகத் திட்டங்கள் பிள்ளைகளுக்கு உதவினவா என்று அளப்பதற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்த பட்டியலை வைக்காமல், நலமாக இருப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளிடமிருந்தே அளவுகோலைப் பெற முயன்றார்கள். அளவுகோலைப் பிள்ளைகள் தரலாம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, முறையைக் கற்றுக்கொடுப்பது பெரியவரின் வேலை. அது ஒரு வாரத்து வேலை.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கடினமானது. இத்தனையும் செய்தாலும் ஆய்வு சோறு போடாது, வலுவூட்டல் என்பது வெறும் பேச்சு என்பார்கள். தோட்டத்து மூத்த தொழிற்சங்கக்காரர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "மாஸ்டர், படம் கீறினா ஐடி கார்ட் வருமா?" வராது. ஆனாலும் 2003 சட்டம் வந்தபோது நடந்ததை அவரே மறந்திருக்க மாட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் தோட்டம் தோட்டமாகத் தொண்டர்கள் படிவங்களோடு போய், பத்து நாட்களில் 190,000 க்கும் மேற்பட்டோரின் பிரசாவுரிமைக்கு வழிசெய்தார்கள். யாருக்கு என்ன இல்லை என்பதை ஆட்களோடு இருந்து கேட்டு எழுதியதால் நடந்த காரியம் அது. எழுதுவதும் உரிமை பெறுவதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. அனிஸுர் ரஹ்மான் சொன்ன ஆய்வுக்கு நம் தோட்டங்களில் நான் கண்ட கிட்டிய உதாரணம் அதுதான்.

எங்கள் செயலமர்விலும் வலுவூட்டல் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்த இடம் அறிக்கையில் இல்லை. நாலு பேரும் தங்கள் தங்கள் கோடுகளை ஒரே தாளில் வரைந்தபோதுதான், நாலு குடும்பமும் ஒரே மேசையில் ஒரே கடதாசிக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியவந்தது. அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் அது "நம்ம தலையெழுத்து". அடுத்த முறை நாலு குடும்பமும் ஒரே நாளில் சேர்ந்து போனார்கள். அந்தப் பெண்பிள்ளை இப்போது லயத்தில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். இதற்கு நாங்கள் உரிமை கொண்டாட முடியாது. நாங்கள் கொடுத்தது தாளும் வர்ணப் பேனையும் மூன்று நாளும்தான்.

என்ன செய்யலாம்?

புத்தளத்திலும், முசலியிலும், தோட்டங்களிலும் இனியும் ஆய்வுகள் நடக்கும். நமது சமூக நிறுவனங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் கூட வினாக்கொத்துகளோடு போகின்றன. போகிறவர்களிடம் நான் கேட்பது நாலு விடயம்.

முதல் நாளில் வினாக்கொத்தை வெளியே எடுக்காதீர்கள். இளைஞரிடம் அவர்களுடைய கேள்வியைக் கேளுங்கள், அதில் ஒன்றாவது இறுதி அறிக்கைவரை போக வேண்டும். அவர்கள் வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் உங்களோடு இருந்த நாளுக்குக் கூலி கொடுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் என்பது ஒரு பேர். பேரைப் போடுவதா என்று அவர்களிடமே கேளுங்கள். கடைசியாக, அவர்கள் வரைந்ததன் மூலப்பிரதி அவர்களிடம் இருக்கட்டும், பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை தமிழில் அவர்கள் கைக்குப் போய், பிழையை அவர்கள் திருத்திய பிறகு வெளியிடுங்கள்.

இவை பெரிய செலவில்லாத காரியங்கள். நான் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. வாப்பாவின் கொப்பி இன்னமும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அடுத்த முறை அந்தத் தோட்டத்துக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்து, 1983 இல் நின்றுபோன பக்கங்களில் உள்ளவர்கள் எங்கே போனார்கள் என்று தேட விருப்பமா எனக் கேட்கலாம் என்றிருக்கிறேன். விருப்பமில்லை, எங்களுக்கு வேறு கேள்வி இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வேன்.